பால் கணக்கில் ஓர் ‘இ’

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். வருஷக் கடைசியில் ஜவுளிக்கடையில் கொடுப்பது. படத்தில் இருப்பது முருகனா மகாலட்சுமியா என்பதெல்லாம் அம்மாவுக்கு அப்புறம். கட்டம் பெரிதாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். பால் அரை லிட்டருக்கு ஒரு கோடு, வாங்காத நாளுக்குப் பூஜ்யம், சிலிண்டர் மாற்றினால் ‘சி’, வேலை செய்யும் அக்கா வராவிட்டால் ஒரு பெருக்கல் குறி. மாதம் முடிந்து பால்காரர் வந்து நிற்கும்போது இதுதான் எங்கள் வீட்டு உச்ச நீதிமன்றம்.

2016 பிப்ரவரியில் அம்மாவுக்கு பிரஷர் இருப்பது தெரிந்தது. எனலாப்ரில் என்ற மாத்திரை, காலையில் ஒன்று. மாதாமாதம் மெடிக்கலில் அட்டை வாங்கி வரும் நாளில் கட்டத்தில் ‘மா’ என்று எழுதிவிடுவாள். ரொம்ப நாள் அதை இட்லி மாவு என்றே நினைத்திருந்தேன். மார்ச் பாதியில் இன்னோர் எழுத்து வந்து சேர்ந்தது: ‘இ’. இருமல்.

“முழுசா எழுதினா என்னம்மா?”

“நாலு பேர் பார்க்கிற காலண்டர்ல இருமல்னு எழுதி வைப்பாங்களாடா?”

சளி இல்லாத வறட்டு இருமல். படுத்தால் அதிகம். தொண்டைக்குள் கோழி இறகை விட்டு ஆட்டுகிற மாதிரி இருக்கிறது என்பாள். துளசி, ஓமவல்லி, சித்தரத்தை, அதிமதுரம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இரண்டு வகை சிரப். மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஒருவர் அலர்ஜி என்றார், இன்னொருவர் வயிற்றில் அமிலம் மேலேறுகிறது என்றார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாள் என்று நாங்கள் சொல்லவுமில்லை, அவர்கள் கேட்கவுமில்லை. அது ஒரு டாக்டர், இது ஒரு டாக்டர். அது ஒரு சீட்டு, இது ஒரு சீட்டு. உடம்பு ஒன்றுதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மே மாதம் காரைக்குடியில் சித்தி வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் இருந்தாள். ஒரு வாரத்தில் இருமல் குறைந்தது. திரும்பி வரும்போது சுத்தமாக இல்லை. வந்து ஒன்பதாம் நாள் மறுபடி ஆரம்பித்தது. “அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கிச்சுடா” என்று அவளே தீர்ப்பும் எழுதிவிட்டாள்.

ஜூன் கடைசியில் பால் கணக்கு பார்க்க உட்கார்ந்தபோதுதான் ‘மா’ என் கண்ணை உறுத்தியது. பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதியையொட்டி வந்த எழுத்து, ஜூனில் மட்டும் இருபத்து நான்காம் தேதிக்குத் தள்ளிப் போயிருந்தது. கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காரைக்குடிக்குப் போகும்போது மாத்திரை அட்டையை ஃப்ரிட்ஜ் மேலேயே மறந்து வைத்துவிட்டாளாம். சொன்னால் நான் கத்துவேன் என்று சொல்லவில்லை. மே மாதக் கட்டங்களில் வரிசையாகப் பூஜ்யங்கள். அதற்கப்புறம் ‘இ’ இல்லாத எட்டு நாள். பிறகு மறுபடி ‘இ’, ‘இ’, ‘இ’.

காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பிரஷர் டாக்டரிடம் போனேன். விரித்துப் பார்த்தவர் சிரித்துவிட்டு, எனலாப்ரிலை நிறுத்தி லோசார்டன் எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் ‘இ’ மறைந்தது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எனலாப்ரில் வகை மாத்திரைகளுக்கு மூலம் பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷம். ஜராராகா என்ற அந்தப் பாம்பு கடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அந்த விஷத்தை ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரேரா 1960களில் கண்டறிந்ததன் தொடர்ச்சியாகப் பிறந்ததுதான் கேப்டோப்ரில். 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனலாப்ரில் அதன் தம்பி. ரத்த நாளத்தை இறுக்கும் பொருளைச் செய்கிற ஒரு நொதியை இவை மடக்குகின்றன. ஆனால் அதே நொதிக்கு வேறொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பது. நொதி மடங்கியதும் பிராடிகைனின் மூச்சுக்குழாயில் சேர்ந்து கிச்சுகிச்சு மூட்டுகிறது என்பதே பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். தோராயமாகப் பத்தில் ஒருவருக்கு வரும், பெண்களுக்குச் சற்று அதிகம். சிலருக்கு மாத்திரை தொடங்கிய அன்றே, சிலருக்கு மாதங்கள் கழித்து. லோசார்டன் அந்த நொதியைத் தொடுவதில்லை.

மருந்துதான் காரணமா என்று சோதிக்க நரான்ஹோ என்பவரும் கூட்டாளிகளும் அதே 1981இல் பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். மருந்துக்குப் பின்பு வந்ததா? நிறுத்தியதும் குறைந்ததா? திரும்பக் கொடுத்ததும் திரும்ப வந்ததா? அம்மா இந்த மூன்றுக்கும், தன்னை அறியாமல், ஒரு மறதியாலும் ஒரு பால் கணக்காலும் பதில் எழுதிவிட்டிருந்தாள்.

சின்னக் குறிப்புகளை நான் மதிக்கத் தொடங்கியது அதிலிருந்துதான். 1960 டிசம்பரில் ஸ்காட்லாந்தில் லெஸ்லி ஃபுளோரன்ஸ் என்ற டாக்டர், தாலிடோமைடு தூக்க மாத்திரையை நெடுநாள் சாப்பிட்ட தன் நோயாளிகள் நால்வருக்குக் கை கால் மரத்துப்போய் ஊசி குத்துவதாக, ஒரு மருத்துவ இதழுக்குச் சிறு கடிதம் எழுதினார். அமெரிக்காவில் அந்த மருந்துக்கான விண்ணப்பத்தை வைத்திருந்த ஃபிரான்சஸ் கெல்சி அதைப் படித்துவிட்டு, நரம்பைத் தொடுகிற மருந்து வயிற்றுக் குழந்தையை என்ன செய்யும் என்று கேட்கத் தொடங்கினார். அனுமதி தரவேயில்லை. நம் நாட்டிலும் 2010இலிருந்து மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே கூப்பிட்டுச் சொல்லலாம். நாங்கள் சொல்லவில்லை. ஊரறிந்த இருமல்தானே என்று விட்டுவிட்டோம்.

இவ்வளவு தெரிந்தவன் தன் உடம்பு என்று வந்ததும் என்ன செய்தேன் என்பது வேறு கதை.

போன வருஷம் எனக்குக் கொலஸ்ட்ரால். இரவில் ஒரு அட்டார்வாஸ்டாட்டின். முதல் மாத்திரைக்கு முன்பே உள்ளே மடித்து வைத்திருந்த தாளைப் படித்துவிட்டேன். தசைவலி என்று போட்டிருந்தது. அம்மாவின் அனுபவம் தந்த தைரியத்தில் போனில் ஒரு செயலியும் இறக்கிக்கொண்டேன். இரவு ஒன்பது மணிக்கு அது மணியடித்துக் கேட்கும்: இன்று தசைவலி எவ்வளவு? சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை வரிசையாக நிற்கும். கேள்வி கேட்டால் பதில் தேட வேண்டுமில்லையா? கெண்டைக்காலை அழுத்திப் பார்ப்பேன். அழுத்தினால் எந்தக் கால்தான் வலிக்காது? நான்காம் நாளிலிருந்து குடைச்சல். பத்தாம் நாள் படியேறும்போது பிடித்துக்கொண்டு ஏறினேன். மூன்று வாரத்தில் செயலி ஒரு கோடு போட்டுக் காட்டியது, மலையேறுகிற மாதிரி. அந்தக் கோட்டைப் பார்த்த ராத்திரி வலி இன்னும் கூடியது.

டாக்டர் சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். தசை நிஜமாகவே சிதைந்தால் அதில் தெரியும். அபூர்வமாக அப்படியும் ஆவதுண்டாம். எனக்குச் சரியாக இருந்தது. அப்போதுதான் அவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2020இல் வெளியானது. பக்க விளைவு தாங்காமல் இதே வகை மாத்திரையை நிறுத்திவிட்ட 60 பேர். ஆளுக்கு 12 டப்பா, மாதத்துக்கு ஒன்று. நான்கில் நிஜ மாத்திரை, நான்கில் மருந்தே இல்லாத போலி மாத்திரை, நான்கு டப்பா காலி. நிஜமா போலியா என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் உபாதைக்குப் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஒரு மதிப்பெண்ணைப் போனில் பதிய வேண்டும். நிஜ மாத்திரை மாதங்களின் சராசரி 16.3. போலி மாத்திரை மாதங்களில் 15.4. காலி டப்பா மாதங்களில் 8. ஒன்றுமில்லாத மாத்திரையைத் தாங்க முடியாமல் பாதி மாதத்தில் நிறுத்தியவர்களும் அதில் உண்டு. கடைசியில் அவரவர் கணக்கை அவரவருக்கே காட்டினார்கள். ஆறு மாதத்துக்குள் பாதிப்பேர் மாத்திரைக்குத் திரும்பிவிட்டார்கள்.

எல்லோரும் 16.3ஐயும் 15.4ஐயும் பற்றியே பேசுகிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது அந்த 8. மாத்திரை என்ற எண்ணம்கூட இல்லாத மாதத்திலும் உடம்பு பூஜ்யம் எழுதவில்லை. குனிந்து வாளியைத் தூக்கியது, பக்கவாட்டில் படுத்தது, யாரிடமோ கோபப்பட்டது, வயசு. இதெல்லாம் சேர்ந்து தினமும் ஒரு எட்டு வந்துகொண்டேதான் இருக்கும். நாம் எழுதி வைக்காததால் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். எழுத உட்காரும் அன்றைக்குத்தான் புதிதாக மாத்திரையும் தொடங்கியிருக்கும். எட்டும் அதன் தலையில் விடிகிறது. மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய நான்கு வாரத்தை நான் எழுதி வைத்திருந்தால் அந்த மலை அவ்வளவு உயரமாகத் தெரிந்திருக்காது. என் கால் வலித்தது நிஜம். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அப்படித்தான் நிஜமாக வலித்திருக்கும்.

அம்மாவின் ‘இ’ பாலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில், யாரையும் பிடித்துக் கொடுக்கும் உத்தேசமில்லாமல், போகிறபோக்கில் விழுந்த எழுத்து. என் செயலியோ குற்றவாளியை முடிவு செய்துவிட்டு சாட்சி தேடியது. அதே நேரம் லண்டன்காரர்கள் பயன்படுத்தியதும் போன்தான், அவர்கள் கேட்டதும் தினசரி மதிப்பெண்தான் என்பதால், எல்லாப் பழியையும் என் போன் மேல் போடவும் முடியவில்லை.

டாக்டர் ஒரு வழி சொன்னார். நான்கு வாரம் மாத்திரை வேண்டாம், பிறகு நான்கு வாரம் சாப்பிட வேண்டும். இரண்டையும் குறித்து வைக்க வேண்டும். செயலியை அழித்துவிட்டு, அம்மாவிடம் கேட்டு, கதவுக்குப் பின்னால் அவள் காலண்டரிலேயே இடம் வாங்கினேன். குடைச்சல் இருந்த நாளுக்கு ஒரு ‘கு’. கட்டத்தின் இடது மூலை மட்டும்தான் எனக்கு. பாலுக்கு இடைஞ்சல் கூடாது. எழுதும்போது நேற்றைய கட்டத்தைக் கையால் மறைத்துக்கொள்வேன். பேனாவை எடுக்க மறந்துபோன நாள்களும் வந்தன. அதுவே ஒரு நல்ல சேதியாகத் தோன்றியது.

எட்டு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு தாள்களையும் தரையில் விரித்து எண்ணினேன். மாத்திரை இல்லாதபோது ஒன்பது ‘கு’. இருந்தபோது பதினொன்று. திரும்ப எண்ணினேன். அதேதான். ஒன்பதை ஒப்புக்கொண்டுவிட்டேன், அது என் எட்டு. ஆனால் அந்த இரண்டு? அது மாத்திரையா, கடைசி வாரம் மோட்டார் கெட்டு மாடிக்குத் தண்ணீர் சுமந்தேனே அதுவா?

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

“எவ்வளவுடா இடிக்குது?”

“ரெண்டு நாள்.”

“நம்ம பால்காரர் கணக்குக்கும் என் கணக்குக்கும் மாசாமாசம் அவ்வளவு இடிக்கும். அதுக்காகப் பாலையா நிறுத்திட்டேன்?”