அசலம்

ரமணாசிரமம் பக்கம் மனை பார்க்கிறேன் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். முக்தி தேடியல்ல, தண்ணீர் வராத இடம் தேடித்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நான் குடியிருந்த வீட்டுக்குள் இடுப்பளவு நீர் நின்றது. புஸ்தகங்கள் போயின. அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், இங்கே எது வரும், எந்தப் பக்கமிருந்து வரும் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

திருவண்ணாமலைக்கு மாற்றலானபோது இந்தக் கணக்கு சுலபமாக முடிந்தது. கடல் கிழக்கே கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். ஊருக்குள் பெரிய ஆறு கிடையாது. மலையோ புராதனமான பாறை. பெயரிலேயே அசலம் இருக்கிறது, அசையாதது. இலக்கியம் படித்தவன் சொற்பொருளை நம்பி மனை வாங்கப் புறப்பட்டது வேடிக்கைதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் இதே மலையின் சரிவில், வ.உ.சி. நகரில், மண்ணும் பாறையும் வீட்டின் மேல் இறங்கின. இறந்தவர்கள் ஏழு பேர், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த கடல் மழையாக வந்து சேர்ந்துவிட்டது.

அங்கே போய் யார் வீடு கட்டச் சொன்னது என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். நானும் சொன்னேன். 1755 லிஸ்பன் பூகம்பத்தைப் பற்றி வால்டேர் கவிதை எழுதியபோது ரூஸோ மறு வருஷம் அவருக்கு எழுதிய கடிதத்தில், ஆறேழு மாடி வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையல்ல என்று வாதிட்டார். சரியான வாதம். ஆனால் நம் வாயில் அது செத்தவர்களைப் பார்த்துக் கேட்கும் கேள்வியாகிவிடுகிறது. அவர்களை அங்கே நெருக்கியது எது என்று கேட்க ரூஸோவைப் படித்திருக்க வேண்டியதில்லை. என் மேஜையே போதும்.

வீட்டுக் கடன் மனுக்களைச் சரிபார்ப்பது என் உத்தியோகம். பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று. பட்டா இல்லாதவர் என் மேஜைவரை வருவதேயில்லை. வருகிறவர்களுக்கு நான் சாங்க்‌ஷன் செய்யும் தொகை சமதளத்து மனைகளின் விலையாக மாறுகிறது. கோயில் வாசலில் பூக் கட்டுகிறவளும் ஹோட்டலில் தட்டு கழுவுகிறவனும் நடந்து போகிற தூரத்தில் குடியிருந்தாக வேண்டும். அவர்களுக்கு மிஞ்சுவது சரிவுதான். ஆக, என் பாதுகாப்பு நான் கண்டுபிடித்த ஒன்று மட்டுமல்ல. அதில் ஒரு பங்கு இன்னொருவரை மேலே தள்ளிக் கிடைத்தது.

அதற்காக நானும் சரிவில் போய்க் குடியேற வேண்டுமா? அது நாடகம். என் குற்ற உணர்ச்சியால் அங்கே ஒரு கல்கூட நிலைத்து நிற்காது. ஆனால் நான் செய்ததை விவேகம் என்றும் அவர்கள் செய்ததை அசட்டுத் துணிச்சல் என்றும் அழைக்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது?

எல்லாம் பிராரப்தம் என்று முடித்துவிடுகிறவர்களிடம் எனக்கு இன்னும் கோபம். ரமணர் 1916 வரை விரூபாட்ச குகையிலும், பிறகு 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும், பாறைக்கடியில்தான் வசித்தார். அந்த வருஷம் தாயார் இறந்து, சமாதி அடிவாரத்தில் அமைந்த பிறகே கீழே இறங்கி வந்தார். இடத்தைத் தேர்ந்தெடுக்காதவர் என்று அவரைச் சொல்லலாம். ஆனால் தேர்வைத் துறப்பதற்கும் முதலில் ஒரு தேர்வு கையில் இருக்க வேண்டும். ஐந்து குழந்தைகள் எதைத் துறந்தார்கள்?

டிசம்பர் 13 அன்று தீபம் வழக்கம்போல் ஏற்றப்பட்டது. மண் உறுதியாக இல்லையென்று அந்த வருஷம் பக்தர்களை மலையேற விடவில்லை. சரிவில் குடியிருந்தவர்கள் தத்தம் வீட்டு வாசலிலிருந்தே தீபத்தைப் பார்த்திருப்பார்கள்.

செங்கம் சாலைக்குத் தெற்கே ஒரு மனைக்குப் போன வாரம் அட்வான்ஸ் கொடுத்தேன். சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாக இருக்கிறதே என்று கேட்டதற்குத் தரகர், "மலை நல்லா தெரியும் சார். ஆனா மலை தள்ளி இருக்கு" என்றார்.