மூன்று செங்கல் அடுப்பும் ஒரு பிடி அரிசியும்

‘பொழுது விடிந்தது முதல் இரவு வரை அடுப்படியிலேயே என் நாள் கழிந்துவிடுகிறது. ஜபத்துக்கும் தியானத்துக்கும் எனக்கு நேரம் ஏது?’

சத்சங்கங்களில் இல்லத்தரசியர் பலர் கேட்கும் கேள்வி இது. கேட்பவரின் குரலில் களைப்பு இருக்கும். சற்றுக் கசப்பும் இருக்கும். ‘சமையலும் ஒரு தவமே, அம்மா’ என்று ஒரு வரியில் விடை கூறி அனுப்பிவிடலாம். ஆனால் அந்தக் கசப்பு அத்துடன் தீர்ந்துவிடாது. இக்கேள்விக்கான விடையைத் தேடித் திருவனந்தபுரம் செல்வோம்.

அங்கே, கிள்ளியாற்றங்கரையை அடுத்து ஆற்றுக்கால் பகவதி கோயில் கொண்டிருக்கிறாள். ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் நடைபெறும் பத்து நாள் உற்சவத்தின் ஒன்பதாம் நாள் பொங்காலை. அன்று கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தொலைவுக்கு, பெருஞ்சாலைகளிலும் சந்துகளிலும் வீட்டு முற்றங்களிலும் பெண்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பர். ஒவ்வொருவர் முன்னும் மூன்று செங்கற்கள், ஒரு மண்பானை, உலர்ந்த தென்னம்பாளை, கொஞ்சம் அரிசி, வெல்லம், தேங்காய். 1997ஆம் ஆண்டில் 15 லட்சம் பெண்களும், 2009ஆம் ஆண்டில் 25 லட்சம் பெண்களும் பொங்காலையிட்டதைக் கின்னஸ் சாதனை நூல் பதிவு செய்துள்ளது.

கருவறையிலிருந்து கொண்டுவரப்படும் தீ கோயில் முன்னுள்ள பண்டார அடுப்பில் ஏற்றப்படும். பின்னர் அடுப்பிலிருந்து அடுப்புக்கு அது கைமாறிச் செல்லும். அருகில் இருப்பவர் யார், எந்தச் சாதி, எவ்வளவு செல்வம் என்று எவரும் கேட்பதில்லை. பக்கத்து அடுப்பு அணைந்தால் தம் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளி எடுத்துத் தருவர். பொங்கலுடன் தெரளி இலையில் பொதிந்து வேகவைத்த கொழுக்கட்டையும், பயற்று மாவில் செய்த மண்டபுட்டும் பகவதிக்கு நைவேத்தியமாகின்றன. எல்லாம் கையால் செய்தவை.

அன்னை அறிந்த அடுக்களை

இந்தப் பகவதி யார்? கண்ணகியே ஆற்றுக்காலில் எழுந்தருளினாள் என்பது பக்தர்களின் நம்பிக்கை. உற்சவ நாட்களில் பாடப்படும் தோற்றம்பாட்டு அவளுடைய வரலாற்றையே சொல்கிறது. கண்ணகி என்றதும் நம் நினைவுக்கு வருவது சிலம்பும் சீற்றமும் எரியுண்ட மதுரையும். அதற்குச் சற்று முன்னர் நடந்த ஒன்றை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

மதுரையின் புறத்தே மாதரி என்னும் ஆயர்குல மூதாட்டியிடம் கண்ணகி அடைக்கலமாக விடப்படுகிறாள். மாதரி அவளுக்கு அரிசியும் காய்களும் கனிகளும் பாலின் பயன்களும் கொடுக்கிறாள். மாதரியின் மகள் ஐயை துணை நிற்க, பூம்புகாரின் பெருவணிகர் மகள் கணவனுக்காகச் சமைக்கிறாள். காய் அரிந்ததில் அவளுடைய மென்விரல்கள் சிவந்தன, முகம் வியர்த்தது, கண்கள் சிவந்தன என்று இளங்கோவடிகள் அச்சமையலை நுட்பமாகக் காட்டுகிறார். கைத்திறம் மிக்க ஒரு பெண் பின்னிய ஓலைத் தவிசில் கோவலன் அமர்கிறான். மண்கலத்து நீரால் அவன் அடிகளைக் கழுவி, தரையில் நீர் தெளித்துத் துடைத்து, வாழைக் குருத்தை விரித்துக் கண்ணகி அமுது படைக்கிறாள். உண்டபின் சிலம்பை எடுத்துச் சென்றவன் திரும்பி வரவில்லை.

அதுவே அவன் உண்ணும் கடைசி உணவு என்பதை அவள் அறியாள். ஆயினும் அதில் அவள் குறை எதுவும் வைக்கவில்லை. தன்னைப் பிரிந்து சென்று, பொருளையெல்லாம் இழந்து திரும்பியவனுக்கு அவள் படைத்த உணவு அது. எனவே புகையில் கண் எரிய அமர்ந்திருக்கும் பெண்ணின் துன்பம் அந்த அன்னைக்குப் புதிதன்று. அடுக்களையை அறிந்த தெய்வம் அவள்!

மாறுவது எது?

பொங்காலை நாளில் வெயிலில் பல மணி நேரம் காத்திருக்கும் பெண்களின் முகத்தைப் பாருங்கள். வீட்டுச் சமையலைவிட இது கடினமானது. ஆனாலும் பானை பொங்கி வழியும்போது அவர்கள் கண்களில் நீர் ததும்புகிறது. அதே அரிசி, அதே நெருப்பு, அதே கை. மாறியவை இரண்டு. ஒன்று, யாருக்காகச் சமைக்கிறோம் என்னும் பாவனை. மற்றொன்று, அருகிலிருக்கும் துணை.

கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில், அன்புடன் தரும் இலையையும் மலரையும் கனியையும் நீரையும் தாம் ஏற்பதாகப் பகவான் அருள்கிறார். மூன்றாம் அத்தியாயத்தில், தமக்காக மட்டும் சமைப்பவரைக் கண்டிக்கிறார். பொருளின் விலையை அவர் எங்கும் கேட்கவில்லை.

‘ஆற்றுக்காலுக்குச் சென்றால்தானே இந்தப் பாவனை வரும்?’ என்று கேட்கலாம். 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பெருந்தொற்றின் காரணமாகத் தெருக்களில் அடுப்பு வைக்க இயலவில்லை. கோயிலில் பண்டார அடுப்பு மட்டும் எரிந்தது. பெண்கள் தத்தம் வீட்டு முற்றத்திலேயே பொங்காலையிட்டனர். பகவதி அதை ஏற்கவில்லை என்று எவரேனும் சொன்னதுண்டா? நம் வீட்டு அடுப்புக்கும் அந்தத் தீ வந்து சேரும் என்பதே அவ்விரண்டு ஆண்டுகள் கற்பித்த பாடம்.

ஆயினும், சமையல் தவம் என்று புகழ்ந்துவிட்டு, அதன் சுமை முழுவதையும் ஒருத்தியின் தலையிலேயே வைப்பது ஆன்மிகமாகாது. கண்ணகிக்கும் ஓர் ஐயை துணை இருந்தாள். உங்கள் வீட்டில் ஐயை யார்? கணவர் காய் நறுக்கட்டும். மகன் பாத்திரம் துலக்கட்டும். உண்டெழுபவர் ஒரு நல்ல சொல் சொல்லட்டும். நைவேத்தியத்தைக் குறை கூறி உண்பவர் உண்டோ? வீட்டு உணவையும் அவ்வாறே ஏற்கக் கற்போம்.

சமைப்பவர் செய்யத்தக்கவை எளியவை. அடுப்பை ஏற்றும்போது ஒரு கணம் இறைவனை நினையுங்கள். கிளறும் கையுடன் நாமமும் செல்லட்டும். உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, மாதம் ஒருமுறை இல்லாதவருக்குக் கொடுங்கள். பூத்தொடுப்பதும் கோலமிடுவதும் கிழிந்த துணியைத் தைப்பதும் இதே பாவனையில் நடக்கட்டும். ஜபத்துக்குத் தனியே நேரம் கிடைக்கும் நாளில் அமர்ந்து ஜபியுங்கள். கிடைக்காத நாளில் கைவேலையே ஜபமாகட்டும்.

பொங்காலை முடிந்தபின் தெருக்களில் எஞ்சும் செங்கற்கள் என்ன ஆகின்றன? மாநகராட்சி அவற்றைத் திரட்டி, ஏழையரின் வீடு கட்டும் பணிக்கு அளித்து வருகிறது. ஒரு பகல் பொழுது அன்னைக்காகச் சுட்ட கல், பின்னர் ஒரு குடும்பத்தின் சுவராகிறது. அந்தச் சுவருக்குள் மீண்டும் ஓர் அடுப்பு எரியும்.

இன்று மாலை நீங்கள் ஏற்றப்போகும் அடுப்பும் அன்னையின் சந்நிதியே. அவள் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறாள்.