கேட்டுப் பார்த்தல்

நுகேகொடையில், ஹைலெவல் வீதியை விட்டு உள்ளே திரும்பும் தெருவொன்றில் இசைக்கருவிகள் விற்கும் சிறு கடை ஒன்று இருக்கிறது. 2023 ஆம் ஆண்டின் கடைசிப் பகுதியில், ஒரு சனிக்கிழமை மாலை மகளுடன் அங்கு போனேன். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் ஒரு கிற்றார் வாங்கித் தருவதாக அவளுக்கு வாக்களித்திருந்தேன். பரீட்சை முடிந்து மாதங்கள் பல கடந்தும் வாக்கு அப்படியே கிடந்தது. 2022 ஆம் ஆண்டின் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதை மறந்தவர் நம்மில் யாருமில்லை. சம்பளம் இருந்த இடத்திலேயே இருக்க, கிற்றார் மட்டும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டிருந்தது.

கடைக்காரர் மூன்று கிற்றார்களை எடுத்து வைத்தார். ஒன்று யமஹா. இன்னொன்று நான் பெயரே கேள்விப்பட்டிராத சீனத் தயாரிப்பு. மூன்றாவதன் தலையில் எந்தப் பெயருமே இல்லை. உள்ளூர்த் தச்சர் ஒருவர் செய்தது என்றார். நான் யமஹாவை மட்டும் கையிலெடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் உள்ளே வைத்துவிடும்படி சிங்களத்தில் சொன்னேன். மகள் மெல்லிய குரலில், "என்ன வாப்பா, கேட்டுப் பாக்காமலே வாணாங்கிறீங்க?" என்றாள்.

என்னிடம் பதில் இருந்தது. நான் பல்கலைக்கழக மாணவனாக இருந்தபோது புறக்கோட்டையில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய யமஹா இன்னும் என்னிடம் இருக்கிறது. கடற்காற்றும் மழைக்கால ஈரமும் அதை ஒன்றும் செய்யவில்லை. கழுத்து வளையவில்லை, பசை விடவில்லை. ஒரு பெயரை நம்ப இதைவிட என்ன காரணம் வேண்டும்? ஆனால் இந்தப் பதிலை அவளுக்குச் சொல்ல வாயெடுத்தபோது, இதே நியாயத்தை முன்பொருமுறை வேறு யாரோ என்னிடம் சொல்லியிருப்பது நினைவுக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெயரின் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். ஒரு கிற்றாரின் தரத்தைக் கடையில் பத்து நிமிடம் வாசித்து முழுமையாக அறிய முடியாது. தந்திகள் தரும் இழுவையை மரம் வருடக்கணக்கில் தாங்க வேண்டும். பலகை சரியாகக் காய்ந்திருக்காவிட்டால் அடுத்த பருவமழையில் முன்பலகை உப்பும். இவையெல்லாம் வாங்குபவனின் கண்ணுக்குத் தெரியாதவை. தெரியாதவற்றுக்குச் சாட்சியாகத்தான் பெயர் வந்து நிற்கிறது. பல்லாண்டுகள் ஒரே விதமாக உழைத்த ஒருவனின் பெயரை நம்புவதில் அறிவீனம் எதுவுமில்லை. குறைந்த பணம் உள்ளவனுக்குப் பெயர் இன்னும் அதிகம் தேவைப்படுகிறது. செல்வந்தன் பிழையாக வாங்கினால் வேறொன்று வாங்குவான். நம் போன்றோர் அந்தப் பிழையுடனேயே வாழ வேண்டும்.

ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? தொரகுசு யமஹா என்ற மனிதர் 1887 இல் பழுதான ஓர் ஆர்மோனியத்தைத் திருத்தப் போய், தாமே ஒன்றைச் செய்து பார்த்ததில் தொடங்கிய கதை அது. அந்தக் கம்பனியின் எஃப்.ஜி. வரிசைக் கிற்றார்கள் 1966 இல்தான் வெளிவந்தன. மார்ட்டின் கம்பனி அப்போது நூற்று முப்பது வயதைத் தாண்டியிருந்தது. அதன் தொடக்கம் 1833. கிற்றார் உலகில் அன்று யப்பான் என்றால் மலிவு, நகல் என்று பொருள். 1969 இல் வூட்ஸ்டொக் விழா மேடையில் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் தனியே நின்று வாசித்த கிற்றார் ஒரு யமஹா என்பது பிற்பாடு பெருமையாகப் பேசப்பட்டது. அதாவது, இன்று நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் பெயர், ஒரு காலத்தில் யாரோ சிலர் காதைத் திறந்து கேட்டதால் உண்டான பெயர். எல்லோரும் என்னைப்போல நடந்திருந்தால் எனக்குப் பிடித்த பெயரே பிறந்திருக்காது. பெயருக்கு விசுவாசமாக இருப்பவன், அந்தப் பெயரை உண்டாக்கிய செயலுக்கு விசுவாசமாக இல்லை என்பது விசித்திரமான நிலைதான்.

நம் காது உண்மையில் எதைக் கேட்கிறது என்பதும் அவ்வளவு நிச்சயமான விடயமல்ல. இன்றைய கிற்றாரின் உருவத்தை வகுத்தவர் என்று மதிக்கப்படும் ஸ்பானியத் தச்சர் அன்டோனியோ டி டொரெஸ், 1862 இல் முதுகும் பக்கங்களும் காகிதக்கூழால் ஆன ஒரு கிற்றாரைச் செய்தார். முன்பலகை மட்டும் மரம். ஓசையின் உயிர் முன்பலகையில் இருக்கிறது, பின்னால் உள்ள விலையுயர்ந்த மரத்தில் இல்லை என்று காட்டுவதற்காகவே செய்தது அது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள். பின்பலகையும் பக்கங்களும் மட்டும் வேறு வேறு மரத்தாலான ஆறு கிற்றார்களைச் செய்வித்து, 52 வாசிப்பவர்களுக்கு இருட்டறையில், வெல்டிங் கண்ணாடி மாட்டி, எது எதுவென்று தெரியாமல் கொடுத்தார்கள். முடிவு 2018 இல் வெளியானது. அரிய பிரேசில் தோதகத்திக்கும் சாதாரண மரங்களுக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பெண்களில் சொல்லத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. வயலினிலும் இதே கதைதான். 2010 இல் இன்டியானாபொலிஸ் நகர ஹோட்டல் அறையொன்றில் 21 வயலின் கலைஞர்கள், ஸ்ட்ராடிவாரியஸ் உட்பட மூன்று பழைய இத்தாலிய வயலின்களையும் மூன்று புதியவற்றையும் பார்வை மறைத்து வாசித்தார்கள். பெரும்பாலோர் தம் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பியது புதியதொன்றை.

இந்தக் குருட்டுப் பற்றுக்கு ஒரு விலை உண்டு. அதை நாம் செலுத்துவதில்லை. கிற்றார் கழுத்தின் மேல்பலகைக்குக் கருங்காலி வேண்டும். அதுவும் மாசற்ற கறுப்பாக இருக்க வேண்டும் என்பது நெடுநாளைய வழக்கம். டெய்லர் என்ற அமெரிக்கக் கிற்றார் கம்பனி 2011 இல் கமரூனில் ஒரு கருங்காலி ஆலையைப் பங்காளியுடன் சேர்ந்து வாங்கியபோது அறிந்துகொண்டது இதை: வெட்டப்படும் பத்து மரங்களில் ஒன்றளவே முழுக் கறுப்பாக இருக்கும். மற்றவற்றின் உள்ளே சாம்பல், கபிலக் கோடுகள் ஓடும். வெட்டிய பிறகுதான் அது தெரியும். தெரிந்ததும் அவற்றைக் காட்டிலேயே போட்டுவிட்டு வருவார்கள். உறுதியிலும் ஓசையிலும் குறைவில்லாத மரம், நிறத்துக்காக மண்ணில் உக்கிப்போனது. கோடுள்ளதையும் பாவிப்பதென்று அதன் பின்னரே அவர்கள் முடிவெடுத்தார்கள். நம் நாட்டுக் கருங்காலியும் 19 ஆம் நூற்றாண்டில் ஆசனங்களாகவும் அலுமாரிகளாகவும் கடல் கடந்து போனதுதான். நம் காட்டில் கிடந்தழிந்த மரங்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

இசை கூடுமா கூடாதா என்ற பழைய வழக்கை நான் இங்கே அவிழ்க்க வரவில்லை. ஆனால் இமாம் கஸ்ஸாலியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தம் தேடலின் கதையைச் சொல்லும் 'அல்முன்கித்' நூலில் அவர் ஓர் உதாரணம் தருகிறார். இரத்தம் உறிஞ்சி எடுக்கும் வைத்தியனின் கண்ணாடிக் கிண்ணத்தில் தேன் இருந்தால் பாமரன் அருவருக்கிறான். கிண்ணம் தேனை மாற்றிவிடவில்லை. இருந்தும் மனம் கிண்ணத்தின் பெயரைத் தேனின் மீது ஒட்டிவிடுகிறது. ஒரு கூற்றை நாம் மதிக்கும் ஒருவரின் பெயரோடு சேர்த்துச் சொன்னால், அது பிழையானாலும் ஏற்கிறோம். மதிக்காதவரின் பெயரோடு சேர்த்தால், சரியானாலும் தள்ளுகிறோம் என்பது அவருடைய கவலை. மனிதர்களைக் கொண்டு உண்மையை அளக்காதே, உண்மையைக் கொண்டு மனிதர்களை அள என்பதே அவர் சொல்லவருவதன் சாரம். அவருக்கு அது மெய்யியல் நூல்களைப் பற்றிய பிரச்சினை. எனக்குக் கிற்றாராக வந்து நின்றது.

இப்போது முன்னர் விட்ட கதை. 2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு சில மாதங்கள் கழித்து, மனைவியின் வேலைக்காக நுகேகொடைப் பக்கம் வாடகை வீடு தேடினோம். தரகர் தொலைபேசியில் எல்லாவற்றையும் பேசி முடிப்பார். வாடகை, முற்பணம், தண்ணீர்க் கட்டணம் வரை. கடைசியில் "பெயர் என்ன?" என்று கேட்பார். சொன்னதும் வீடு நேற்றே போய்விட்டதாகிவிடும். ஒரு வீட்டுக்காரர் மட்டும் வெளிப்படையாகப் பேசினார். அவர் கெட்டவரல்ல. "உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, மகத்தயா. தெரியாதபோது நாங்கள் பழகியவர்களுக்குக் கொடுப்பதுதானே பாதுகாப்பு?" என்றார். கடையில் என் மகளுக்கு நான் சொல்லவிருந்த பதில், சொல்லுக்குச் சொல் இதுதான்.

உடனே ஒரு மறுப்பு எழும். மரப்பெட்டியையும் மனிதனையும் ஒரே தராசில் வைப்பதா? அந்த மறுப்பு சரியானது. இரண்டுக்கும் நடுவில் பெரிய வேறுபாடு உண்டு. யமஹா என்ற பெயர் அந்தக் கம்பனி தானே உழைத்துத் தேடிய பெயர். பிழை செய்தால் அதற்கே கெடும் பெயர். என் பெயர் என் வாப்பா வைத்தது. யாரோ செய்த குற்றத்தின் கணக்கை அதில் எழுத முடியாது. இன்னொன்றும் உண்டு. கிற்றார் தன் தகுதியை வாசித்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதைத் தள்ளலாம். மனிதன் தலைக்கு மேல் ஒரு கூரை பெறுவதற்குத் தன் மேன்மையை நிரூபிக்கக் கடமைப்பட்டவனல்ல. சேலத்தில் 1919 இல் பிறந்து இங்கு வந்து சிங்களத்தில் பாடிய மொஹிதீன் பேக்கை இந்த நாடு கேட்டது. 1991 இல் அவர் மறைந்த பின்னும் கேட்கிறது. வெசாக் காலத்திலும் அந்தக் குரல் ஒலிக்கிறது. கேட்டவர்கள் பெயரைத் தடையாக நினைக்கவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அவ்வளவு அருமையான குரல் இருந்தால்தான் நம்மைக் கேட்பார்கள் என்றால், குரலே இல்லாத சாதாரணமானவர்கள் எங்கே போவது?

எனவே கிற்றார் மனிதனுக்கு உவமையல்ல. ஒத்திருப்பது தள்ளுகிறவனின் மனம். கடையில் பெயரைப் பார்த்துக் காதை மூடிக்கொள்ளப் பழகும் மனம், வாசலில் ஒருவன் வந்து நிற்கும்போது திடீரென்று திறந்துகொள்ளுமா? பழக்கம் பொருளைப் பார்த்து மாறுவதில்லை. அநீதிக்கு நம் அறிஞர்கள் தந்த விளக்கம், ஒன்றை அதற்குரிய இடத்தில் வைக்காதிருப்பது என்பது. ஒரு மரத்துண்டுக்கும் அதற்குரிய இடம் உண்டு. அதைச் செய்த தச்சனுக்கு இன்னும் அதிகமாகவே உண்டு.

அப்படியானால் பெயரை எப்போது நம்பலாம்? சோதிக்க வழியில்லாதபோது நம்பலாம். மருந்து வாங்கும்போது நான் குப்பியின் பெயரைத்தான் நம்புகிறேன், நம்பத்தான் வேண்டும். ஆனால் சோதிக்க வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பெயரைக் காரணம் காட்டி அதை மறுப்பது எச்சரிக்கையல்ல, சோம்பல். அந்தச் சோம்பலின் செலவு வேறொருவர் தலையில் விழும்போது அது அநீதியாகிறது. இதன் மறுபக்கமும் உண்டு. பெரிய பெயர்களை வெறுப்பதையே பெருமையாகக் கொண்டு, பெயரில்லாதது என்பதற்காகவே ஒன்றைத் தூக்கிப் பிடிப்பவர்களை நம் இலக்கிய உலகத்திலும் காண்கிறோம். அவர்களும் பெயரைத்தான் பார்க்கிறார்கள், கேட்பதில்லை.

நமது மொழியில் 'கேட்டல்' என்ற ஒரே சொல் செவிமடுப்பதற்கும் வினவுவதற்கும் வருகிறது. வள்ளுவர் செவிச்செல்வத்துக்கு வகுத்த அதிகாரத்தின் பெயரே 'கேள்வி' தான். ஒன்றிடம் காது கொடுக்காமல் அதைப் பற்றிக் கேள்வி எழுப்ப முடியாது என்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. எங்களுக்குக் கடைசியில் வீடு தந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அவர் எங்களை உட்காரவைத்துத் துருவித் துருவி விசாரித்தார். எங்கே வேலை, எத்தனை பேர், வாடகை எத்தனையாம் திகதி வரும், பிள்ளை இரவில் சத்தம் போடுவாளா என்றெல்லாம். என் மனைவிக்கு அது கொஞ்சம் மனவருத்தம். எனக்கோ ஆறுதலாக இருந்தது. அவர் கேட்டார் அல்லவா? மற்றவர்கள் கேட்கவில்லை.

கடைக்காரரிடம் உள்ளே போன இரண்டையும் திரும்ப எடுக்கச் சொன்னேன். அவர் முகம் கோணாமல் எடுத்துத் தந்தார். நான் முதுகைத் திருப்பி நின்றுகொண்டேன். மகள் மூன்றிலும் அதே நான்கு சுரக்கட்டுகளை வாசித்தாள். இரண்டாவதாக வாசித்ததைத்தான் யமஹா என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அது பெயரில்லாத உள்ளூர்க் கிற்றார். அடிச்சுரங்கள் அவ்வளவு நிதானமாக நின்றன. ஆனால் பன்னிரண்டாவது பிரெட்டில் அழுத்தியபோது சுருதி சற்றே கூடிப்போனது. திறந்த தந்தியின் சுரமே மேல்ஸ்தாயியில் சரியாக வர வேண்டிய இடம் அது. மகளின் காது உடனே பிடித்துக்கொண்டது. மனமில்லாமல் அதை வைத்துவிட்டோம். கடைக்காரரிடம் அந்தக் குறையைத் தச்சரிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். பிரிட்ஜின் இடத்தைச் சிறிது பின்னுக்குத் தள்ளினால் போதும். ஓசை அருமையானது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன்.

சீனத்துக் கிற்றாரை வாங்கினோம். யமஹாவைவிடச் சிறப்பானது என்று சொல்லமாட்டேன். அவள் கைக்கும் எங்கள் பணத்துக்கும் பொருந்தியது. இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. கழுத்து நேராகவே இருக்கிறது. மூன்றாவதில் வளைந்தாலும் வளையலாம். அப்போது என் தீர்ப்பைத் திருத்திக்கொள்வேன். தச்சரின் கிற்றாரைத் தள்ளினோம் என்பது உண்மை. ஆனால் அவருக்குச் சொல்ல எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. தொலைபேசியில் என் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டதென்ற தரகர்கள் எனக்குத் தராதது அந்த ஒன்றைத்தான்.