காட்டாத உரிமை

நீலகிரித் தோடர்களின் பால்கோயிலுக்குள் பூசாரியைத் தவிர யாரும் போவதில்லை. பிரம்பும் மூங்கிலும் வளைத்துப் புல் வேய்ந்த அந்தக் கோயிலின் வாசல், தவழ்ந்துதான் நுழைய வேண்டும் என்கிற அளவுக்குச் சின்னது. புனித எருமைகளின் பாலைக் கடைவதே உள்ளே நடக்கும் வழிபாடு. கும்பிடச் சிலை கிடையாது. பால்கலங்களும் பழைய மணிகளுமே போற்றப்படுகின்றன. தோடர் பெண்களும் தள்ளி நின்றுதான் வணங்குகிறார்கள்.

சமவெளிக் கோயில் வழக்கம் இதற்கு நேர் எதிர். அங்கே சாமியைக் கண்ணால் காண்பதே வழிபாடு. விக்கிரகத்துக்குக் கண் திறப்பது தனிச் சடங்கு. அதனால்தான் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கும் நடராசரைக் கண்டாலும் சிலருக்குக் கை தானாகக் குவிகிறது. திருட்டுப் போய் லண்டனில் சிக்கிய பத்தூர் நடராசர் சிலை பற்றிய வழக்கில் கோயிலுக்கே வழக்காடும் உரிமை உண்டென்று லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் ஏற்றது. சிலை தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. காணப்படும் தெய்வத்தைக் கண்காட்சியில் வைப்பதே இத்தனை சிக்கல் என்றால், மறைந்திருப்பதையே புனிதமாகக் கொண்ட தெய்வத்தை என்ன செய்வது? கண்காட்சி என்ற சொல்லிலேயே கண்ணும் உண்டு, காட்சியும் உண்டு. தோடர் கோயிலுக்கு இரண்டும் வேண்டாதவை.

ஊட்டிக்கு அருகே முத்தோரைப் பாலடாவில் அரசின் பழங்குடியினர் ஆய்வு மையம் ஓர் அருங்காட்சியகத்தை நடத்துகிறது. பழங்குடி வீடுகளின் மாதிரிகளை அங்கே காணலாம். வீட்டின் மாதிரி யார் மனத்தையும் புண்படுத்தாது. கோயிலை அப்படியே கட்டிக் காட்டினாலும் அங்கே வடிவம்தான் இருக்கும். பழைய புல்லை அகற்றிப் புதிதாக வேய்வதே குலத்தார் கூடிச் செய்யும் சடங்கு. அந்தச் சடங்கைக் கூலிக்கு வேய்ந்த கூரையில் எதிர்பார்க்க முடியாது.

மண்ணுக்குள் இருந்தவற்றின் கதை இன்னும் கடினமானது. நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் மலைமேல் இருந்த ஈமக் கல்வட்டங்களையும் கற்குவைகளையும் தோண்டினார். அவர் எழுதிய நூல் 1873இல், அவர் இறந்தபின் வெளிவந்தது. எருமையும் பிற விலங்குகளும் மூடிமேல் நிற்கும் மண்சாடிகள் இப்படிப்பட்ட குழிகளிலிருந்து கிடைத்தவை. அவை இன்று சென்னையிலும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. இறந்தவர்களுக்கென்று புதைத்தவை, யாரும் பார்ப்பதற்காக வைத்தவை அல்ல. அவற்றால் வரலாறு தெரிந்தது உண்மை. இறந்தவர்களுக்குக் கொடுத்ததை எடுத்தோம் என்பதும் அதே அளவு உண்மை. காட்சிப்பெட்டியின் குறிப்பில் இரண்டும் இருக்க வேண்டும்.

நீலகிரியின் இன்னொரு பழங்குடியான ஆலு குறும்பரின் ஓவியம் வேறொரு வழியைக் காட்டுகிறது. மண்ணும் மரப்பிசினும் இலைச்சாறும் கொண்டு சுவரில் தீட்டியதை அவர்களே காகிதத்துக்கும் துணிக்கும் கொண்டுவந்தார்கள். பாறைத்தேன் எடுப்பது, திருவிழா ஆட்டம் என்று எதை வரைவது, எதை விடுவது என்று முடிவு செய்வது ஓவியரின் கை. இங்கே சமூகம் தன்னைத்தானே காட்டுகிறது. அதனால் கண்காட்சிக்கு வந்தும் ஓவியம் தன் இடத்தை இழக்கவில்லை.

தோடர் பெண்கள் தைக்கும் பூத்தையல் கொண்ட பூத்துக்குளிப் போர்வையில் எல்லாக் கேள்விகளும் ஒன்றாகச் சந்திக்கின்றன. வெள்ளைத் துணியில் இழைகளை எண்ணியெண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைப்பார்கள், முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை. 2013இல் இந்தப் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விழாவுக்குப் போர்த்துவதும் இந்தப் போர்வைதான், இறந்தவரைப் போர்த்தி அனுப்புவதும் இதுதான். கடைக்காரர் வழவழப்பான பக்கத்தை வெளியே மடிக்கிறார். தோடர்களோ நூல் முடிச்சுகள் தடித்துத் தெரியும் கரடான பக்கத்தையே வெளிப்பக்கமாக விரும்புகிறார்கள். துணியைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிடும் காப்பாளர் முதலில் தோடர் குடியிருப்பான மந்துக்குப் போய், எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்று அந்தப் பெண்களிடம் கேட்க வேண்டும். தொங்கவிடவே வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அதையும் ஏற்க வேண்டும்.