தெரியும் சார்!

கிழக்குத் தாம்பரம், சேலையூர் பக்கம் குடியிருப்பவர்கள் விமானச் சத்தம் கேட்டு நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பழகிவிட்டது. ஆனால் அங்கே பறப்பவர்களில் பலர் வாத்தியார் ஆவதற்குப் படிக்கிறவர்கள் என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ! விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதைச் சொல்லிக்கொடுக்கும் விமானப்படைப் பள்ளி அது. 1948-ல் அம்பாலாவில் ஆரம்பித்து, 1954-ல் தாம்பரம் வந்து சேர்ந்தது. ஏற்கெனவே நன்றாகப் பறக்கத் தெரிந்தவர்கள்தான் அங்கே மாணவர்கள். அவர்களும் கிளம்புமுன் செக்லிஸ்ட்படிதான் சரிபார்க்க வேண்டும்.

பெரிய விமானம் என்றால் சரி, குட்டி விமானத்துக்கும் எதற்கு இத்தனை சடங்கு என்று தோன்றும். மோட்டார் கிளைடரை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட இறக்கை, சின்ன இன்ஜின், இரண்டு சீட். மேலே போனதும் வேண்டுமென்றே இன்ஜினை அணைத்துவிட்டு மிதக்கலாம். 2015-ல் நம் விமானப்படை, கடற்படை, என்.சி.சி. மூன்றுக்குமாக ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரல் கம்பெனியிடம் ஆர்டர் கொடுத்த 194 விமானங்கள் இந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம்.

இவற்றின் கையேட்டில் ஆபத்துக்கால நடைமுறைக்கு ஓர் அத்தியாயம், சாதாரண நடைமுறைக்குத் தனி அத்தியாயம். சாதாரணத்துக்கு ஏன் புத்தகம்? இக்னிஷன் அணைந்திருக்கிறதா என்று பார். காற்றாடியைக் கையால் சுற்று. ஆயில் டாங்கியில் 'களக்' என்று சத்தம் வரும்வரை சுற்று. பிறகு ஆயில் அளவைப் பார். ஸ்டார்ட் செய்தபின் ஆயில் 50 டிகிரி சூடாகும்வரை பொறு. பெல்ட், கதவு, ஏர்பிரேக் பூட்டு... எல்லாம் மனப்பாடம்தான். "எத்தனை தடவை செய்தாச்சு, இன்னுமா பார்த்துப் படிக்கறது?" என்று கேட்பவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியும். சிக்கலே அங்கேதான்.

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் டேட்டன் நகரில் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானம் மேலே ஏறி, அப்படியே விழுந்தது. நிறுத்தி வைக்கும்போது போட்ட கட்டுப்பாட்டுப் பூட்டை யாரும் எடுக்கவில்லை. இரண்டு பேர் இறந்தார்கள். ஓட்டியவர்கள் கத்துக்குட்டிகள் அல்ல, தேர்ந்த விமானிகள். அதன்பிறகுதான் செக்லிஸ்ட் வேரூன்றியது.

சரி, பட்டியலைப் படித்துவிட்டால் போதுமா? 1988 ஆகஸ்ட் 31, டல்லாஸ். டெல்டா 1141 விமானத்தில் பட்டியலைப் படித்தார்கள். ஃப்ளாப் இறங்கியிருக்கிறதா என்றதற்கு, இறங்கியிருக்கிறது என்று பதிலும் வந்தது. ஆனால் அது இறங்கவே இல்லை. 14 பேர் போய்விட்டார்கள்.

அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்வதைக் கிண்டல் செய்கிறோமே, இது அதைவிட மோசம். அர்த்தம் தெரிந்தே, பார்க்காமல் சொன்னது. மறந்தவனையாவது மன்னிக்கலாம். பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் பார்க்காதவனை என்ன செய்வது? அவன் பொய்யனும் இல்லை. வாய் பழகிவிட்டது, அவ்வளவுதான். குற்றமா, பழக்கமா என்று எந்தக் கோர்ட்டும் லேசில் சொல்லிவிட முடியாது.

அதனால்தான் அந்த 'களக்' எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே பதில் சொல்வது டாங்கி, விமானி அல்ல. காது கொடுத்தே தீரவேண்டும். மற்ற வரிகளுக்கெல்லாம் அவர் பார்த்தாரா, சும்மா சொன்னாரா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பக்கத்து சீட்டில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு முதல்முறை மேலே போகக் காத்திருக்கும் என்.சி.சி. பையன், எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பி வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறான்.