அரக்குப்பூச்சி எத்தனை அறிவுயிர்?

அரக்கு மரப்பிசின் அல்ல. புரசு, இலந்தை, வடக்கே குசும் எனப்படும் மரம் ஆகியவற்றின் இளங்கிளைகளில் சாறு உறிஞ்சும் செதிற்பூச்சி தன்மேல் சுரந்துகொள்ளும் கூடு அது. ஒரு கிலோ அரக்குக்கு ஏறத்தாழ 3 லட்சம் பூச்சிகள் வேண்டும். இல்லறத்தார் விலக்க வேண்டிய 15 தொழில்களைச் சொல்லும் சுவேதாம்பர சமண நூலான உபாசகதசா, தந்தம், நஞ்சு ஆகியவற்றோடு அரக்கு வணிகத்தையும் சேர்த்தது வியப்பல்ல.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் திகம்பரர் வாழ்ந்த குன்று. அங்கே அறிவர் கோயிலை 9ஆம் நூற்றாண்டில் இளங்கௌதமன் புதுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. விதானத்தின் தாமரைக் குளத்தில் மீனும் அன்னமும் எருமையும் யானையும் பூக்கொய்யும் மனிதரும் ஒரே நீரில் நிற்கின்றனர். வண்ணங்கள் பெரும்பாலும் தாதுக்களால் ஆனவை, அரக்கைப் போலப் பூச்சியிலிருந்து வந்தவை அல்ல. அதனால் பழியற்றவை என்று சொல்லிவிட முடியாது. சமணத்தில் மண்ணும் ஓரறிவுயிரே. இம்சை கூடுமா குறையுமா என்பதுதான் அங்கே கணக்கு.

அந்தக் கணக்கில் உயிர்கள் நிற்பன, இயங்குவன என இரு பெரும் பிரிவு. தொல்காப்பிய மரபியலும் உயிர்களை அறிவின் அளவால் அடுக்குகிறது, எறும்புக்கு மூன்றறிவு. அரக்குப்பூச்சிதான் இடறுகிறது. குஞ்சாக ஆறு காலில் ஊர்ந்து வந்து தண்டில் வாயைச் செருகும். முதல் தோலுரிப்போடு கால்கள் போய்விடும். பெண்பூச்சி பிறகு சாகும்வரை அங்கேயே. அப்படியானால் அது மரத்தைப் போல நிற்பதா?

அல்ல என்பதே சமண மறுமொழி. கருவிலிருப்பதும் மயங்கிக் கிடப்பதும்கூட அசைவதில்லை. அவை நிற்பன ஆகிவிடுமா? பிரிவைத் தீர்மானிப்பது அசைவு அல்ல, உள்ளே பலன்தரும் வினை என்கிறது தத்துவார்த்த சூத்திர உரைமரபு.

கண்ணுக்குத் தெரியாத உள்வேறுபாடு இன்றைய மரபணுவியலிலும் உண்டு. அரக்குப்பூச்சியில் ரங்கீனி, குசுமி என இரு வகை; இனம் ஒன்றே. ரங்கீனியின் இரு தலைமுறைகள் நான்கு மாதம், எட்டு மாதம் என்று ஓட, குசுமிக்கு இரண்டும் ஏறக்குறைய ஆறாறு மாதம். குசுமியைப் புரசில் ஏற்றினால் தேறாது. கர்நாடகத்தில் ஜாலாரி மரத்துப் பூச்சிக்கோ பதின்மூன்று மாதத்தில் மூன்று தலைமுறை. ஆண்பூச்சி இன்னும் விசித்திரம்: தந்தை தந்த குரோமோசோம்கள் அதன் உடலில் சுருண்டு செயலற்றுக் கிடக்கும், அதன் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வதும் இல்லை.

வினையும் மரபணுவும் ஒன்று எனத் தோன்றலாம்; அவசரம் கூடாது. வினை தனியோர் உயிருக்குச் சொந்தமானது, பிறவிதோறும் அதையே தொடர்வது. மரபணு வழிவழியாகக் கைமாறுவது. எந்தப் பூச்சிக்கும் சொந்தமில்லை. ஆகவே இழப்பின் கணக்கும் பிரிகிறது. குசுமி அற்றுப்போனால் மரபணுவியலுக்கு ஈடில்லாத இழப்பு. சுரண்டப்பட்ட கிளை ஒன்று அன்றாட நிகழ்ச்சி. சமணனுக்கோ அந்தக் கிளையிலேயே ஆயிரமாயிரம் தனி உயிர்கள்.

1924இல் ராஞ்சியில் அரக்கு ஆய்வுக்காகத் தொடங்கிய நிறுவனம் பல மரபுவழிகளின் பூச்சிகளை உயிர்மரங்களிலேயே பேணிவருகிறது. குஞ்சு வெளிப்படும் தறுவாயில் விதையரக்குக் குச்சியை வெட்டி அடுத்த மரத்தில் கட்டுவார்கள். வழி பிழைக்கிறது, குஞ்சுகள் இறங்கியபின் குச்சி சுரண்டப்படுகிறது. அரக்கு விலைபோகும்வரை இந்த ஏற்பாடு நடக்கும். விலக்கச் சொன்ன வணிகமே வழியைக் காக்கிறது என்ற வாதத்தை உபாசகதசாவின் இல்லறத்தான் ஏற்கமாட்டான். காக்கப்படுவது அவன் எண்ணும் உயிர்களில் ஒன்றுகூட அல்ல.