விட்டுக்கொடுக்கப்படுவது யாருடையது?

மாத்தளை மாவட்டத்தில் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில், மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தடுமாறும் ஒரு பிள்ளை படிப்பதாக வைத்துக்கொள்வோம். நகரத்திலுள்ள விசேட கல்வி அலகில் சேர்ப்பதே நல்லது என்கிறார் அதிபர். லயத்துப் பிள்ளைகளோடு இங்கேயே படிக்கட்டும் என்கிறார் தாய். இருவரும் பிள்ளையின் நன்மையைத்தான் சொல்கிறார்கள். யார் சொல்வது நடக்க வேண்டும்?

தாய் சொல்வதாலேயே அது சரியாகிவிடாது. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிப் பிள்ளையின் குறைபாட்டை மறைக்கும் பெற்றோரும் உண்டு. விசேட கல்வியில் பயிற்சி பெறாத ஆசிரியர் ஒருவர், வகுப்பு முழுவதையும் கவனித்துக்கொண்டு இந்தப் பிள்ளைக்கும் தனியே நேரம் ஒதுக்குவது எளிதல்ல. அவருடைய தயக்கத்தைக் கல்நெஞ்சம் என்று சொல்வது அநியாயம்.

ஆனால் தாய்க்கும் பாடசாலைக்கும் பலம் ஒன்றல்ல. பதிவேடும் அறிக்கையும் பாடசாலையின் கையில். கூட்டத்துக்கு வர ஒரு நாள் பேரை, அதாவது நாட்கூலியை, இழக்கும் கொழுந்து பறிக்கும் பெண், அதிகாரிகள் முன் தலையாட்டிவிட்டுப் போனால் அது சம்மதமாகாது. பலம் உள்ளவரே காரணம் காட்டக் கடமைப்பட்டவர்.

இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காட்டிக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுப்பதைத் தடுக்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். அதே மாவட்டத்து எல்கடுவ மலையிலிருந்து வந்து அந்த நீதிமன்றப் படியேறுவது எத்தனை குடும்பங்களுக்கு இயலும்? அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளையின் தனிக் கல்வித் திட்டத்தை வகுக்கும்போதே பெற்றோருக்கு இடம் தந்தது. இணக்கம் வராவிட்டால் நடுநிலை விசாரணைக்கும் வழிவிட்டது. அங்கும் வழக்கறிஞர் வைக்க வசதியுள்ளவர்களின் குரலே ஓங்கி ஒலிக்கிறது.

அப்படியானால் அருகிலேயே சமரசம் பேசலாமே எனத் தோன்றும். 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான மத்தியஸ்த சபைகள் இந்நாட்டுக்குப் பழக்கமானவைதாம். ஆயினும் வேலித் தகராறில் ஆளுக்கு ஓரடி விட்டுக்கொடுக்கலாம். விடுவது அவரவர் நிலம். இங்கே பெற்றோரும் பாடசாலையும் விட்டுக்கொடுப்பது இருவருக்கும் சொந்தமில்லாதது. பெரியவர்களின் மனத்தாங்கல் தீர்ந்து, பிள்ளை கற்காமல் போனால் தகராறு தீரவில்லை. பிள்ளையின் தலையில் இறக்கிவைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே அறம் கேட்பது பாதிக்குப் பாதி அல்ல. பாடசாலை தன் காரணத்தைத் தாய்க்கு விளங்கும் தமிழில் எழுத்தில் தரவேண்டும். சாதாரண வகுப்பில் என்னென்ன உதவி செய்து பார்த்தோம் என்பதையும் சொல்லவேண்டும். எந்த வகுப்பில் மனம் ஒட்டுகிறது என்று பிள்ளையையும் கேட்கவேண்டும். முடிவு எதுவானாலும் ஒரு தவணைக்குப் பின் மீண்டும் கூடிப் பார்க்க நாள் குறிக்கவேண்டும். வளரும் பிள்ளையைப் பற்றித் தாயும் தவறலாம், அதிபரும் தவறலாம். திருத்த இடம் வைக்காத முடிவு, எத்தனை பேர் ஒப்பமிட்டாலும் நீதியாகாது.